மர்சுதியின் ஃபேக்டரி செட்டிங்

வினார்த்தி மகளைக் கூட்டிக்கொண்டு பிறந்த வீட்டுக்குப் போன நாளிலிருந்து மர்சுதி குட்டி போட்ட பூனை மாதிரி கடைக்குள் சுற்றிக்கொண்டிருந்தான். சுற்றுவதற்கு அங்கே இடமும் கிடையாது. மாடியுன் நகரத்துப் பெரிய சந்தையின் பின்வாசலில், செருப்புக் கடைக்கும் பறவைக்கூண்டு விற்பவனுக்கும் நடுவில், ஒரு ஆள் காலை நீட்டிப் படுத்தால் பாதம் தெருவில் கிடக்கும் அளவுக்கு ஒரு செல்போன் ரிப்பேர் கடை. எழுந்தால் விசிறியில் தலை இடிக்கும். உட்கார்ந்தால் நெஞ்சு இடிக்கும். ஒரே போனைக் காலையிலிருந்து மூன்று முறை பிரித்து மூடிவிட்டான். அதில் பழுது என்னவென்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது.

தெம்பே என்கிற சோயா அடை விற்கும் தினி அம்மா, அங்கத்துப் பேச்சில் இபு தினி, தன் போனை நீட்டினாள். தொட்டால் அசையாமல் நின்றுவிட்டதாம்.

"எல்லாத்தையும் அழிச்சு, ஃபேக்டரியிலிருந்து வந்தப்ப எப்படி இருந்துச்சோ அப்படி ஆக்கிக் குடுத்துடு. ஆமா, இன்னும் வரலையா உன் பெண்டாட்டி?"

"வருவா இபு."

"வருவா வருவா, எங்க போகப் போறா. உன்னையும் குத்தம் சொல்ல முடியாதுப்பா. உன் ஃபேக்டரி செட்டிங் அப்படி."

வழக்கமாக இதற்கு மர்சுதி சிரிப்பான். இது அவனே ஊருக்குக் கொடுத்த சொல். அன்று சிரிப்பு வரவில்லை. போனை வாங்கி மேசையில் வைத்தான், கொஞ்சம் ஓங்கியே வைத்தான். இபு தினி அதைப் பார்த்துவிட்டு, பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்கிற முகத்தோடு போனாள்.

அந்தச் சொல் எப்படி ஊருக்குள் வந்தது என்பதில் இரண்டு கட்சி உண்டு. டிவியில் எவனோ சொன்னான், அங்கிருந்து வந்தது என்பான் பறவைக்கூண்டுக்காரன். மர்சுதி ஒத்துக்கொள்ள மாட்டான். தொடுதிரை போன்கள் சந்தைக்கு வந்த புதிதில், கண்டதையும் ஏற்றி, கண்ட இடத்தில் அழுத்தி, ஜனங்கள் போனைக் கெடுத்துக்கொண்டு வந்து நிற்பார்கள். அவன் ஏதோ இரண்டு பொத்தானைச் சேர்த்து அழுத்தி, "செத்தேலான் பாப்ரிக்" என்பான். ஃபேக்டரி செட்டிங். நீ செய்த கோளாறெல்லாம் போய், பெட்டியிலிருந்து எடுத்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆகிவிடும். ஒருநாள் ஒரு வாடிக்கையாளரிடம் தொண்டை கிழியக் கத்திவிட்டான். அந்த ஆள், "ஏன் இப்படி எரிஞ்சு விழறே, மனுஷன்தானே நீ" என்று கேட்டதற்கு, "உன் போனைத்தான் என்னால மாத்த முடியும். நான் இப்படித்தான். இது என் ஃபேக்டரி செட்டிங்" என்றான். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திட்டு வாங்கியவரும் சிரித்தார்.

அவ்வளவுதான், சொல்லுக்குக் கால் முளைத்துவிட்டது. மீன்காரி தன் சோம்பேறிப் புருஷனைச் சொன்னாள். கணக்கு வராத பையனைப் பற்றி அவன் அப்பன் சொன்னான். தொழுகைக்கூடத்தில் உஸ்தாதே ஒரு வெள்ளிக்கிழமை, மனிதன் பிறக்கும்போது கொண்டுவரும் தூய்மை இருக்கிறதே, அதுதான் அவனுடைய ஃபேக்டரி செட்டிங் என்று சொல்லிவிட்டார். பிறவிக் குணத்துக்குப் பெயர் இல்லாத ஊரா அது? குழந்தையோடு கூட வந்தது என்று ஒரு பழைய பேச்சு இருந்தது. ஆனால் அதில் ஒரு குழந்தை இருக்கிறது, பெற்றவள் இருக்கிறாள், யாராவது ஒருத்தர் தலையில் பழி விழும். தொழிற்சாலை என்றால் அந்தத் தொல்லை இல்லை. அது எங்கோ கண்காணாத இடத்தில் இருக்கிறது. அங்கே போய் யார் புகார் கொடுப்பது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். கூடத்தைக் கட்டியவனையும் காணவில்லை என்றால் ரொம்ப வசதி.

மர்சுதிக்கு அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அதற்கு வெகுகாலம் முன்பே அவனுக்குத் தீ என்று பெயர் வைத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் ஒரு பையன் மண்டையைச் சிலேட்டால் பிளந்த அன்று, அவன் அப்பா அவனைக் கணக்குப் பார்க்கும் கிழவர் கர்சோவிடம் இழுத்துக்கொண்டு போனார். பிறந்த கிழமையையும், லெகி, பாகிங் என்று ஐந்து நாள் சுற்றும் சந்தை வாரத்தில் அது எந்த நாள் என்பதையும் கோத்துக் கூட்டினால் ஒருவனுடைய போக்கு தெரிந்துவிடும். கிழவர் தேதியைக் கேட்டார், விரல் விட்டார். "செவ்வாய் லெகி. இவன் தீ. எரியத்தான் செய்வான். அடிச்சுப் பிரயோஜனமில்லை" என்றார். அப்பா ஓங்கியிருந்த பிரம்பைக் கீழே போட்டார். அன்று மர்சுதிக்கு உண்டான நிம்மதி இருக்கிறதே, அதற்கு விலையே கிடையாது. அம்மா அவனுக்கு நினைவு தெரியுமுன்பே போய்ச் சேர்ந்துவிட்டாள். மூத்தவள் கஸ்மி கல்யாணமாகிக் கடல் தாண்டி லாம்புங்குக்குப் போய்விட்டாள். வேறு கணக்குச் சொல்ல வீட்டில் ஆள் இல்லை.

தீ வளர்ந்தது. கல்யாணம் செய்துகொண்டது. கை நீட்டியதில்லை என்று அது பெருமையாகச் சொல்லிக்கொள்ளும். எறியும், உடைக்கும், கத்தும். வினார்த்தியின் இடது மணிக்கட்டில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வழுவழுவென்று இருக்கும். அது கொதிக்கும் சூப்புக் கிண்ணம் பறந்து வந்த நாளின் மிச்சம். அகலப் பட்டையுள்ள கடிகாரம் கட்டி மறைத்திருப்பாள். யாராவது கேட்டால் அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள், "அவர் செவ்வாய் லெகி. நான்தான் தள்ளி நின்னிருக்கணும்."

இப்படியே ஓடியிருக்கும். ஓடவிடாமல் செய்தவள் மகள் வெனிங்.

போன வாரம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். வெனிங் கூடப் படிக்கும் பெண்ணை ஜாமெட்ரி பெட்டியால் முகத்தில் அடித்திருந்தாள். அந்தப் பெண்ணுக்கு உதட்டில் தையல். வினார்த்தி போய்த் தலைகுனிந்து நின்றாள். ஆசிரியை, "ஏம்மா இப்படிச் செஞ்சே" என்று கேட்டதற்கு வெனிங் கொஞ்சமும் கலங்காமல், "என் ஃபேக்டரி செட்டிங் அப்படி டீச்சர். எங்க அப்பாகிட்டருந்து வந்தது" என்றாளாம்.

வீட்டுக்கு வந்து வினார்த்தி இதைச் சொன்னபோது மர்சுதி என்ன செய்தான் தெரியுமா? சிரித்தான். வயிறு குலுங்கச் சிரித்தான். "புலிக்குப் பொறந்தது பூனையாகுமா" என்று மகள் முதுகில் ஒரு தட்டும் தட்டினான். வெனிங்கும் சிரித்தாள். வினார்த்தி அடுப்பை அணைத்தாள். உள்ளே போய்ப் பையில் துணி எடுத்து வைத்தாள்.

"எங்க கிளம்பிட்டே?"

"பொனோரோகோவுக்கு. இவளையும் கூட்டிட்டுப் போறேன்."

"எதுக்கு? நான் இன்னிக்கு ஒண்ணும் எறியக்கூட இல்லையே."

"அதான் மாஸ்," என்றாள், புருஷனை வழக்கம்போல அழைத்து. "எறிஞ்சிருந்தா இருந்திருப்பேன்."

அப்புறம் எறிந்தான். சோற்றுப் பானை முற்றம் வரைக்கும் உருண்டது. அவள் அதைத் தாண்டிப் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை. போன் செய்தால் எடுக்கவில்லை. மாமனார்தான் எடுத்து, "இருக்காங்க, நல்லா இருக்காங்க" என்று சொல்லி வைத்துவிடுகிறார்.

இபு தினியின் போனைத் தொடாமலே மர்சுதி ஷட்டரை இழுத்துவிட்டுக் கிளம்பினான். இந்தத் தீயைக் கொஞ்சம் குளிர வைத்துக் காட்டினால் வினார்த்தி வந்துவிடுவாள் என்று அவனுக்குத் தோன்றியிருந்தது. அவரவர் நாள் சுற்றி வரும்போது சோறும், தேங்காய்ப்பூ போட்ட கீரையும், அவித்த முட்டையும், சிவப்பும் வெள்ளையுமாகக் கஞ்சியும் வைத்துத் தெருப் பிள்ளைகளுக்குப் போட்டால் பிறவிக் குணம் அடங்கும் என்பார்கள். செவ்வாய் லெகி வருகிற வாரமே வருகிறது. அக்கா கஸ்மி புருஷன் செத்த பிறகு போன வருஷம்தான் லாம்புங்கிலிருந்து ஊர் திரும்பி, ரயில்வே கேட் பக்கத்தில் கீரையும் கடலைச் சாந்தும் சேர்த்த பெச்செல் சோறு விற்கிறாள். சமையலை அவள் தலையில் கட்டிவிடலாம்.

கஸ்மி கடலைச் சாந்தைக் கரைத்துக்கொண்டிருந்தாள். காலை வியாபாரம் ஓய்ந்திருந்தது.

"யூ," என்று அக்காவை அழைத்தான். "வர்ற செவ்வாய்க்கிழமை எனக்குச் சோறு படைக்கணும். எல்லாம் வாங்கித் தந்துடறேன். நீ சமைச்சா மட்டும் போதும்."

"இப்பவாவது புத்தி வந்துச்சே. பெண்டாட்டி ஓடினாத்தான் சாமி ஞாபகம் வரும். சாயங்காலத்துக்கு மேல தானே?"

"இல்ல, காலையில. செவ்வாய் காலை."

"காலையில எதுக்கு? அது உன் நாளே இல்லையே."

"செவ்வாய் லெகி, யூ. என் நாள் எனக்குத் தெரியாதா?"

கஸ்மி கரண்டியைச் சட்டிக்குள் விட்டாள். "எந்த மடையன் சொன்னான் உனக்குச் செவ்வாய்னு?"

"கர்சோ சொன்னாரு. அப்பா சொன்னாரு. என் அடையாள அட்டையில அந்தத் தேதிதான் இருக்கு."

"அப்பா ரயில் பட்டறைக்காரரு. அவருக்கு நாள் ராத்திரி பன்னெண்டு மணிக்கு மாறும். நமக்கு எப்ப மாறும்? சூரியன் விழுந்து மக்ரிப் பாங்கு சொன்னா மறுநாள் பொறந்தாச்சு. மருத்துவச்சியைக் கூட்டியார ஓடினவ நான். தொழுகைக்கூடத்துல முரசு அடிச்சு ஓய்ஞ்சு, கோழியெல்லாம் கூட்டுல அடைஞ்சிருச்சு. விளக்கு ஏத்தி வெச்ச அப்புறம்தான் நீ வந்து விழுந்தே. நீ புதன் பாகிங், மரமண்டை."

மர்சுதி கூட்டிப் பார்த்தான். அந்தக் கூட்டல் அங்கே பாலகனுக்கும் தெரியும். இரண்டாம் தடவையும் கூட்டிப் பார்த்தான்.

"அப்ப நான்..."

"மண்ணு. பூமி. யாரு மிதிச்சாலும் பொறுத்துக்கற ஜாதி. குளிர்ச்சியானவன், பத்துப் பேருக்கு நிழல் தர்றவன்." சொல்லிவிட்டு அவளுக்கே சிரிப்புத் தாங்கவில்லை. "நீ! மண்ணு! உன் வீட்டுச் சோத்துப் பானையைக் கேட்டா சொல்லும்."

"இத்தனை வருஷமா ஏன் யாரும் சொல்லல?"

"உனக்குத் தெரியும்னுதான் நெனச்சேன். உன் கல்யாணத்தப்ப வந்தப்பகூடச் சொன்னேனே."

"யாருகிட்டச் சொன்னே?"

"யாருகிட்டயோ. கல்யாண வீட்டு சமையக்கட்டுல ஆயிரம் பேரு. நல்ல செய்திதானேடா, ஏன் பேயறைஞ்ச மாதிரி நிக்கறே? சாப்பிடறியா?"

அவன் சாப்பிடவில்லை. மோட்டார் பைக்கை எடுத்தான். வீட்டுக்குப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தான். தெற்கே திரும்பி, கரும்பு லாரிகளுக்குப் பின்னால் பொனோரோகோ சாலையில் போய்க்கொண்டிருப்பதைப் பாதி வழியில்தான் கவனித்தான்.

சரி, அதனால் என்ன என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கஸ்மிக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு யாருக்குத் தெரியும்? போவோம். எப்போதும் சொல்வதையே சொல்வோம். என் பிறப்பு அப்படி வின், உனக்குத் தெரியாததா, ஃபேக்டரியில போட்டதை நான் எங்க போய் மாத்தறது. அவள் கொஞ்சம் அழுவாள், பை தூக்குவாள். ஒவ்வொரு தடவையும் நடந்ததுதானே. மனதுக்குள் ஒத்திகை பார்த்தபோது வாக்கியம் நன்றாகத்தான் இருந்தது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தான், ஃபேக்டரி வரைக்கும்தான் வந்தது.

டொலோப்போ தாண்டியதும் போக்குவரத்துப் போலீஸ்காரர் கை காட்டினார். பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும் என்பது சட்டம். அவன் விளக்கு எரியவில்லை. பேட்டரி ஒரு மாதமாகவே தகராறு.

"கண்ணு தெரியலையா? விளக்கு எங்கேய்யா?"

"மன்னிக்கணும் பாக்," என்றான். ஐயா என்றாலும் அப்பா என்றாலும் அங்கே பாக்தான். "பேட்டரி பாக். இன்னிக்கே மாத்திடறேன் பாக்."

"எத்தனை வயசு? சின்னப் பையனுக்குச் சொல்ற மாதிரி சொல்லணுமா உனக்கு?"

"தப்புதான் பாக்."

போலீஸ்காரர் இன்னும் நாலு வார்த்தை திட்டினார். அவ்வளவும் சூடு சுரணையுள்ளவனைச் சுடுகிற வார்த்தைகள். மர்சுதி இரண்டு கையையும் தொடைக்கு முன்னால் கோத்துக்கொண்டு, முதுகை வளைத்து, சிரித்த முகம் மாறாமல் நின்றான். எச்சரித்து அனுப்பிவிட்டார். கும்பிடாத குறையாக நன்றி சொல்லிவிட்டு வண்டியில் ஏறினான்.

கொஞ்ச தூரம் போனதும் வண்டியை ஓரம் கட்டினான். கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

எங்கே போயிற்று அந்தத் தீ? இன்றைக்கு மட்டும் இல்லை. போன மாதம் கந்துவட்டிக்காரன் கடையில் வந்து மேசையைத் தட்டியபோதும் அது இல்லை. கல்லூரி முதல்வர் தன் போனைக் கெடுத்துவிட்டாய் என்று கத்தியபோதும் இல்லை. யோசிக்க யோசிக்க, அது எரிந்த இடங்களெல்லாம் ஒரே மாதிரி இருந்தன. சமையலறை. கூடம். கடைக்கு வரும் ஏழைபாழை. சூப்புக் கிண்ணம் பறந்த நாளில் வீட்டில் வினார்த்தியைத் தவிர யாரும் இல்லை. ஆள் பார்த்து எரிகிற தீயை எந்த ஊரில் கண்டார்கள்? செவ்வாயோ புதனோ, இது கிழமை பார்க்கவில்லை, முகம் பார்த்திருக்கிறது. இத்தனை வருஷத்துச் சத்தத்துக்கும் ஒரு சொந்தக்காரனைத் தேடி அவன் மனம் அலைந்தது. கர்சோவிடம் போய்ப் பார்த்தது, அப்பாவிடம் போனது, கண்காணாத தொழிற்சாலை வரைக்கும் போய்விட்டு வந்தது. எங்கேயும் ஆள் இல்லை.

திரும்பிவிடலாமா என்று நினைத்தான். திரும்பினால் அந்தக் காலி வீடுதான். முன்னாலேயே போனான்.

மாமனார் சமிஜோ வாத்து வளர்ப்பவர். யாரிடமும் குரல் உயர்த்தத் தெரியாத மனிதர். மருமகனைக் கண்டதும் ஓடி வந்து கையைப் பிடித்தார். பாய் விரித்தார். காப்பி வந்தது, அவித்த வாத்து முட்டை வந்தது. மழையைப் பற்றிப் பேசினார், தவிட்டின் விலையைப் பற்றிப் பேசினார். வந்த விஷயத்தைத் தொடாமல் சுற்றிச் சுற்றி வருவதுதான் அங்கே மரியாதை. மர்சுதி பாய் நுனியைப் பிய்த்துக்கொண்டிருந்தான். உள் கதவோரம் வினார்த்தி வந்து நின்றாள். பக்கத்தில் வெனிங் போனை நோண்டிக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

கடைசியில் கிழவரே தொட்டார்.

"நானும் ஒரு வாரமா இவளுக்குச் சொல்லிட்டுத்தான் இருக்கேன் தம்பி. பிறப்பை யாரு மாத்த முடியும்? பார்த்துத்தானே கட்டிக் குடுத்தோம். தீன்னு தெரிஞ்சுதானே குடுத்தோம். இப்பப் பிள்ளைங்க என்னவோ சொல்லுதே, ஃபேக்டரின்னு..."

"ஃபேக்டரி செட்டிங், தாத்தா," என்றாள் வெனிங், போனிலிருந்து தலை தூக்காமல். "அப்பாவுக்கும் அதுதான், எனக்கும் அதுதான்."

"ஆங், அதுதான். அதைக் குத்தம் சொல்லக் கூடாது. பொம்பளைங்கதான் அனுசரிச்சுப் போகணும். என்ன தம்பி, நான் சொல்றது சரிதானே?"

சரி என்று தலையை ஆட்டினால் போதும். பெண்டாட்டியையும் மகளையும் கிழவரே வண்டியில் ஏற்றி அனுப்பிவிடுவார். இதைவிடச் சுலபமாக ஒரு காரியம் யாருக்கும் அமையாது. மர்சுதியின் தலை ஆடத் தொடங்கவும் செய்தது. அப்போதுதான் வெனிங் நிமிர்ந்து அவனைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கூட்டாளி இன்னொரு கூட்டாளியைப் பார்த்துச் சிரிக்கும் சிரிப்பு. ஆடத் தொடங்கிய தலை நின்றது.

"இல்ல பாக்," என்றான். "நான் தீ இல்ல."

கிழவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

"நான் மக்ரிப்புக்கு அப்புறம் பொறந்தவன். எங்க அக்கா கூட இருந்து பார்த்திருக்கா. இன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. நான் புதன் பாகிங். அப்பா தேதியைத் தப்பாச் சொல்லிட்டாரு."

சமிஜோவின் விரல்கள் தானாகவே கூட்டிப் பார்த்தன. அவர் வாய் திறந்தபடி நின்றது.

"எனக்குத் தெரியும்," என்றாள் வினார்த்தி.

மர்சுதி திரும்பினான்.

"கல்யாணத்தப்பவே தெரியும் மாஸ். சமையக்கட்டுல தேங்கா துருவிக்கிட்டிருந்தோம். யூ கஸ்மிதான் சொன்னாங்க. உன் புருஷன் மண்ணு, நீ குடுத்து வெச்சவன்னாங்க."

"தெரிஞ்சா... ஏன் சொல்லல?"

"முதல்ல சந்தோஷமா இருந்துச்சு. நல்ல நேரம் பார்த்துச் சொல்லலாம்னு வெச்சிருந்தேன். முதல் மாசமே நீங்க அரிசி டின்னைத் தூக்கி எறிஞ்சீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. வெகுநாள் பெட்டிக்குள் மடித்து வைத்த துணியை எடுத்து உதறுவதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னாள். "அன்னிக்கு நெனச்சேன், இவங்க தீயாவே இருக்கட்டும்னு. தீன்னா தள்ளி நிக்கலாம். சுட்டுடுச்சுன்னா தீ மேல யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. மண்ணுன்னு நான் வாயைத் திறந்துட்டா, எறிஞ்சது நீங்கன்னு ஆயிடும். நீங்கதான்னு ஆயிட்டா, நான் எப்படி மாஸ் உங்ககூடப் படுத்து எந்திரிக்கிறது? உங்களுக்கு மட்டுமா, எனக்கும் அந்தத் தீ வேண்டியிருந்துச்சு."

இடது கை தானாகக் கடிகாரத்தை மணிக்கட்டில் இழுத்துவிட்டுக்கொண்டது.

"நம்ம ரெண்டு பேருக்குள்ள இருந்த வரைக்கும் மூடி வெச்சுட்டேன். இவ வாயில அந்த வார்த்தை வந்துச்சு பாருங்க, டீச்சர் முன்னால, என்னவோ சொத்து எழுதி வாங்கின மாதிரி. அதுக்கு மேல முடியல. ஒரு வாரமா இவகிட்டச் சொல்லணும்னுதான் பாக்கறேன். நாக்கு எழும்பல. சொன்னா, இத்தனை வருஷம் ஏன் கூட இருந்தேன்னு கேப்பா."

வெனிங் போனை மடியில் கவிழ்த்திருந்தாள். சிரிப்புப் போய், சின்னப் பிள்ளை முகம் ஆகிவிட்டிருந்தது.

"அப்ப இத்தனை நாள் அது என்னது பாக்?" என்றாள். "நீங்க எறிஞ்சது, உடைச்சது, அம்மா கை... அதெல்லாம் என்னது?"

மர்சுதி மாமனாரைப் பார்த்தான். அவர் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். வினார்த்தியைப் பார்த்தான். அவள் உதவுவதாக இல்லை.

"நான்தான்," என்றான்.

"நீங்கதான்னா?"

"நான்தான் நிங். வேற ஒண்ணும் இல்ல. எறியலாம்னு தோணுச்சு, எறிஞ்சேன். எறியாம இருந்திருக்கலாம். போலீஸ்காரன் முன்னாடியெல்லாம் நான் எறிஞ்சதே இல்ல."

அவள் மடியிலிருந்த போனைத் தடவினாள். பிறகு மெல்ல, "அப்ப நான் அந்தப் பொண்ணை அடிச்சது?" என்றாள்.

அதற்கு ஏதாவது ஆறுதலாகச் சொல்ல அவன் தேடினான். சொல்ல ஆசையாகத்தான் இருந்தது.

"அது நீதான்," என்றான்.

வெனிங் சட்டென்று எழுந்து உள்ளே போய்விட்டாள். அறைக் கதவு சாத்துவது கேட்டது. பலமாகச் சாத்தப் போய், கடைசி நொடியில் பிடித்துக்கொண்டது போன்ற சத்தம்.

காப்பி ஆறிவிட்டிருந்தது. மர்சுதி எழுந்தான்.

"வின், கிளம்பலாமா?"

"இன்னிக்கு வரல மாஸ்."

"சரி."

"வர்ற செவ்வாய் சாயங்காலம் வாங்க. பாங்கு சொன்னதுக்கு அப்புறம் வாங்க, அப்பத்தான் உங்க நாள் தொடங்குது. கஞ்சி காய்ச்சி வெக்கறேன். உக்காந்து சாப்பிடுங்க. வர்றேனா இல்லையான்னு அப்பச் சொல்றேன்."

"வரமாட்டேன்னு சொன்னா?"

"கஞ்சி எப்படியும் உண்டு," என்றாள் அவள்.

முற்றத்தில் வண்டியை எடுத்தான். பொத்தானை அழுத்தினான். பேட்டரி செத்துவிட்டது. உதைத்துப் பார்த்தான், உயிர் வரவில்லை. இன்னொரு தடவை உதைத்தான். வாத்துகள் சிதறி ஓடின. மாமனார் வாசலில் நின்று பார்த்தார். ஜன்னலில் திரை அசைந்தது. அதற்குப் பின்னால் வெனிங்கின் பாதி முகம் தெரிந்தது.

அப்போது அது வந்தது. அடிவயிற்றில் தொடங்கி, நெஞ்சில் ஏறி, காது மடல் வரைக்கும், இத்தனை வருஷமும் வந்ததைப் போலவே சூடாக வந்தது. மண் என்று தெரிந்துகொண்டதால் அது ஒரு சொட்டும் குறையவில்லை. வண்டியை அப்படியே கீழே தள்ளி மிதிக்க வேண்டும் போல் இருந்தது. முன்பென்றால் மிதித்துவிட்டு, என் பிறப்பு அப்படி என்று சொல்லியிருப்பான். எல்லாரும் தலையாட்டியிருப்பார்கள். இன்று அதை வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, அந்தச் சூட்டோடு அவன் தனியாக நின்றான்.

பிறகு ஸ்டாண்டை எடுத்துவிட்டு, வண்டியைச் சாலையை நோக்கித் தள்ளத் தொடங்கினான். ஜன்னல் திரை மூடவில்லை. அவன் வளைவு திரும்பும் வரைக்கும் வெனிங் பார்த்துக்கொண்டிருந்தாள்.